மூடுபனியில் கைதட்டியவன்

தை பிறந்து வெயில் தலைகாட்டியதும் கம்பளித் துணிகளை எல்லாம் வெளியே எடுத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் காயப்போட்டேன். முந்தாநாள் அலமாரியின் கீழ்த்தட்டைத் துடைக்கக் குனிந்தபோது கையில் பட்ட உங்கள் பூட்ஸையும் இன்றைக்கு வெளியே எடுத்தேன். இந்த ஆண்டு மழை விடாமல் பெய்ததில் தோல் முழுவதும் பச்சைப் பூசணம் பிடித்திருந்தது. பழைய துணியால் அழுத்தித் தேய்த்தேன். ஈரத் தோலும் நீலகிரித் தைலமும் மைதானத்துச் சேறும் கலந்த நெடி எழுந்தது. அந்த நெடியோடுதான் நீங்கள் மாலை வேளைகளில் வீட்டுக்குள் நுழைவீர்கள். "பின்வாசல் வழியா வாங்க, தரையைத் துடைச்சிருக்கேன்" என்று நான் சொல்லாத நாளில்லை. நீங்கள் அதைக் கேட்ட நாளும் இல்லை.

பூட்ஸை வெயிலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுத வேண்டும் போலிருந்தது. முன்பு நான் உங்களுக்கு எழுதியவை எல்லாம் கல்கத்தா விலாசத்துக்குப் போனவை. இப்போது உங்களுக்கு விலாசம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன். நம் மகன் பிரகாஷ் நேற்று போனில் ஒன்று சொன்னான். நீங்கள் வாய் பேச முடியாமல் படுக்கையில் கிடந்தபோது, அவன் பேச வந்த போனைக் கையால் தள்ளிவிட்டீர்களே, அதைப் பற்றி. ஏன் தள்ளினீர்கள் என்று அன்றைக்கு உங்களைக் கேட்டேன். உங்களால் சொல்ல முடியவில்லை. சொல்லாமலே போய்விட்டீர்கள். விடை எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை ஆண்டுகளும் நினைத்துக்கொண்டிருந்தேன். பெற்ற மகனைச் சாகும்வரை மன்னிக்காதவர் என்று முடிவு கட்டி, அந்த மனத்தாங்கலோடுதான் உங்கள் படத்துக்குப் பூ வைத்து வந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அப்படித்தான் வரும். "டீச்சரம்மா, கிக்-ஆஃப்ல இருந்து வேண்டாம், கடைசி அஞ்சு நிமிசத்த மட்டும் சொல்லு" என்பீர்கள். இன்றைக்கு உங்களால் அவசரப்படுத்த முடியாது.

உங்களுக்காகத் தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில், உங்களை ஒரு நாளும் ஆடிப் பார்த்திராத ஒருவர் மைக்கைப் பிடித்து, "கல்கத்தாவில் கோல் மழை பொழிந்தவர்" என்றார். நான் எழுந்து நின்று, "அவர் கோல் போட்டதே இல்லை. அவர் ஹாஃப்" என்றேன். கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்து சிரித்தார்கள். புருஷன் போன பதினாறாம் நாளில் இப்படிப் பேசலாமா என்று உங்கள் தங்கை பின்னால் முணுமுணுத்தது காதில் விழுந்தது. தப்பாகச் சொல்லப்பட்ட புகழ் உங்களுக்கு எதற்கு?

நடுக்களத்தில் நின்று ஆடுகிறவருக்கு உங்கள் காலத்தில் ஹாஃப் என்றுதான் பேர். மிட்ஃபீல்டர் என்ற சொல்லெல்லாம் பின்னால் டெலிவிஷன் வந்த பிறகு கேள்விப்பட்டது. கல்யாணமான புதிதில் பேப்பரில் உங்கள் பெயரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போய், ஒரு கடிதத்தில் உங்களைக் கேட்டேன். நீங்கள் எழுதிய பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். "கோல் போட்டவன் பேர் வரும். அவனுக்குப் பந்து கொடுத்தவன் பேர் எப்போதாவது வரும். அவனுக்கு அந்தப் பந்தைப் பிடுங்கிக் கொடுத்தவன் நான்." அதைப் படித்த அன்றுதான் எனக்கு உங்கள் மேல் உண்மையான மரியாதை வந்தது. அதுவரை, குன்னூரில் கான்வென்ட்டில் படித்து இங்கிலீஷ் ஒப்புவித்தலில் மெடல் வாங்கிய பெண்ணை ஒரு பந்து உதைக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டார்களே என்று உள்ளூர ஒரு குறை இருந்தது. என் அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. "மாப்பிள்ளை என்ன வேலைங்க?" என்று யாராவது கேட்டால், "வெளியூர்ல கம்பெனி வேலைங்க" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

முழங்கால் போய்க் கல்கத்தாவிலிருந்து நீங்கள் திரும்பி வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் இந்தப் பூட்ஸும்தான் கொண்டுவந்தீர்கள். தொழிற்சாலையில் ஒரு கிளார்க் வேலையும், சாயங்காலத்தில் அவர்களுடைய டீமுக்குக் கோச் வேலையும் கொடுத்தார்கள். மைதானத்தை முதல் நாள் பார்த்துவிட்டு வந்து நீங்கள் சிரித்த சிரிப்பு! மலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம். ஒரு பக்கம் தைலம் எடுக்கும் கற்பூர மரங்கள், மறுபக்கம் ஓடை. மூன்று மணிக்கு மேல் கேத்திப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தால், ஒரு கோல் போஸ்ட்டிலிருந்து மறு போஸ்ட் தெரியாது. முன்பிருந்த கோச் பனி வந்தால் விசில் ஊதி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம். நீங்கள் பனி வந்த பிறகுதான் விசில் ஊதினீர்கள்.

"கண்ணு தெரியலீன்னா வாயைத் திறங்கடா. எங்க நிக்கறேன்னு சொல்லோணும். பந்து உன்னையத் தேடி வரும்."

ஆளுக்கு ஒரு குரல் வைத்தீர்கள். கேப்டன் போஜன் விசிலடிப்பான். சிலோனிலிருந்து வந்த குடும்பத்துச் செல்வராஜ் இடது ஓரத்தில் ஓடிக்கொண்டே "இஞ்ச! இஞ்ச!" என்பான், அவர்கள் பேச்சில் 'இங்கே'. கோபிப் பக்கத்திலிருந்து வந்த பழனிச்சாமி பின்னால் நிற்பவன், தன்னைவிட ஒரு வயது பெரியவன் பந்தை வைத்திருந்தால்கூட "ஏனுங்க! ஏனுங்க!" என்று மரியாதையாகக் கூப்பிடுவான். கோயம்புத்தூர் மில் டீம் ஒன்று முதல் தடவை மலையேறி வந்தபோது, பனிக்குள்ளிருந்து "ஏனுங்க" என்று சத்தம் கேட்டதும் எதிராளி ஒருத்தன் நின்று, "என்னங்க?" என்று திரும்பிக் கேட்டானாம். அதற்குள் பந்து வலைக்குள் கிடந்தது. அதைச் சொல்லிச் சொல்லி நீங்கள் சிரித்து, புரையேறி, நான் தலையில் தட்டினேன்.

நானும் வெள்ளிக்கிழமைகளில் பள்ளி விட்டதும் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடைக்கரை மேட்டில் வந்து நிற்பேன். ஒன்றும் தெரியாது. வெள்ளையாக ஒரு சுவர், அதற்குள்ளிருந்து விதவிதமான குரல்கள், பந்தில் கால் படும் சத்தம். கொஞ்ச நாளில் குரல்களை வைத்தே ஆட்டம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று எனக்கும் தெரிய ஆரம்பித்தது. தெரிந்ததை வீட்டில் உங்களிடம் சொல்லிக் காட்டுவேன். "பாரு, டீச்சரம்மா ஹாஃப் ஆயிட்டா" என்பீர்கள்.

நம் பிரகாஷுக்கு அந்தக் குரல்தான் இல்லாமல் போனது.

நாலு வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. 'அம்மா' என்று கூப்பிட வந்து, 'அ' என்ற எழுத்திலேயே கழுத்து நரம்பு புடைக்க நின்றுவிடுவான். கடைசி பெஞ்சில் இருப்பவருக்கும் கடைசி எழுத்து கேட்க வேண்டும் என்று சிஸ்டர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தினமும் சத்தமாக வாசிக்க வைத்தேன். கோயம்புத்தூரில் டாக்டரிடம் காட்டினோம். எதுவும் பலிக்கவில்லை. ஆனால் கால்கள் உங்களுடையவை. நீங்கள் அவனைப் புகழ்ந்து நான் கேட்டது ஒரே ஒரு தடவை. அவனிடம் சொல்லவில்லை, அடுப்படியில் என்னிடம் சொன்னீர்கள். "பந்து வர்றதுக்கு முன்னாடியே தோளுக்கு மேல திரும்பிப் பாத்துக்கறான். நான் அதக் கத்துக்க ஆறு வருசமாச்சு. இவனுக்கு ஆரும் சொல்லிக்கூடக் குடுக்கல."

தொழிற்சாலையில் அப்ரன்டிஸாகச் சேர்ந்ததும் அவனும் டீமுக்கு வந்தான். வெயில் நாளில் அவனைப்போல் ஆட அங்கே ஆள் கிடையாது. பனி இறங்கினால் அவன் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. வாய் திறக்கும், சத்தம் வருவதற்குள் ஆட்டம் அவனைத் தாண்டிப் போய்விடும். அந்த வாரம் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரை வைத்துவிட்டு, "கை தட்டட்டும்!" என்றீர்கள். "ரெண்டு தட்டு. அதான் அவன் குரல்." பிரகாஷ் உங்கள் முன்னால் நின்று, இரண்டு தடவை கை தட்டிக் காட்டினான். நீங்களும் பதிலுக்குத் தட்டினீர்கள். நம் வீட்டில் அப்பாவும் மகனும் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

அது அந்த வருஷம் முழுவதும் பலித்தது. பனிக்குள் இரண்டு தட்டு கேட்டால் பந்து நேராக அங்கே போகும். அங்கிருந்து யாருக்குப் போக வேண்டுமோ அவர்களுக்குப் போகும். போஜன் வீட்டுக்கு வந்தபோது, "மேடம், தம்பி கை தட்டுனா எங்களுக்கு லைட் போட்ட மாதிரிங்க" என்றான்.

நீங்களும் நானும் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. பயிற்சி ஆட்டத்துக்கு வேடிக்கை பார்க்க யாரும் வருவதில்லை. பெரிய ஆட்டத்துக்குக் கூட்டம் வரும். கூட்டம் என்றால் கை தட்டும்.

மாநில அளவுக்குப் போவதற்கான ஆட்டம் அது. அதே மில் டீம். இரண்டு லாரியில் அவர்களுடைய ஆட்களும் வந்து மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். முதல் பாதி வெயிலில் போனது. இடைவேளைக்குப் பின் பனி இறங்கியது. நான் மேட்டில் நின்றிருந்தேன். செல்வராஜின் "இஞ்ச!" கேட்டது, விசில் கேட்டது, இரண்டு தட்டு கேட்டது. யாரோ நன்றாக ஆடியிருக்க வேண்டும், ஒரு பக்கத்துக் கூட்டம் கை தட்டியது. பந்து நேராக அந்தக் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. அடுத்த தடவையும் அதேதான். அப்போதுதான் அவர்களில் ஒருத்தனுக்கு விஷயம் புரிந்தது.

"டேய், கை தட்டுனா பந்து வருதுடா! தட்டுங்கடா!"

பிறகு நாலு பக்கமும் இரண்டிரண்டாகத் தட்டினார்கள். மேட்டில், ஓடைப் பக்கம், கற்பூர மரத்துக்குப் பின்னால். தட்டிவிட்டுச் சிரிப்பு. அந்த வெள்ளைக்குள் எங்கோ ஓரிடத்தில் என் மகனும் தட்டிக்கொண்டிருந்தான். எந்தத் தட்டு அவனுடையது என்று எனக்கே தெரியவில்லை. "எங்கடா நிக்கறே, வாயில சொல்லித் தொலைடா!" என்று நம் ஆட்களில் ஒருவனே கத்தினான். ஓடைப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஊமையனுக்குப் பந்து போடுங்கப்பா, பாவம்!" என்றது. அதற்கும் சிரிப்பு.

நீங்கள் ரெஃப்ரியிடம் சொல்லி ஆள் மாற்றினீர்கள். "பிரகாஷ், வெளிய வா." உங்கள் குரல் எல்லோருக்கும் கேட்டது. உங்கள் குரல் எப்போதும் எல்லோருக்கும் கேட்கும். அவன் பனியிலிருந்து வெளிப்பட்டு உங்கள் பக்கத்தில் வந்து நின்றபோது நான் மேட்டிலிருந்து இறங்கி வந்துவிட்டிருந்தேன். "அ... அ..." என்று ஆரம்பித்தான். நீங்கள் ஒரு கணம் அவனைப் பார்த்தீர்கள். உள்ளே செல்வராஜ் கத்தினான். நீங்கள் மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவன் அந்தச் சொல்லை முடிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனான்.

ஆட்டத்தில் நாம் ஜெயித்தோம். அதனால்தான் வீட்டில் யாராலும் எதுவும் பேச முடியவில்லை. தோற்றிருந்தால் ஒருவேளை நீங்கள் அவனிடம் வாய் திறந்திருப்பீர்கள். நீங்கள் எடுத்தது சரியான முடிவு என்று போஜன் சொன்னான், மேனேஜர் சொன்னார், எனக்கும் தெரிந்தது. கோச்சாக நீங்கள் செய்தது சரி. அந்தச் சரி நம் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், நான் பரிமாறினேன். அந்த மாதம் முடிவதற்குள் அவன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை தேடிக்கொண்டு மலையை விட்டு இறங்கினான்.

நீங்கள் இருக்கும்வரை அவன் மேலே வரவில்லை. அவன் கல்யாணத்துக்கு நான் மட்டும் போனேன். "டூர்னமென்ட் இருக்குது" என்றீர்கள். இருந்தது, உண்மைதான். உங்களுக்கு எப்போதும் ஒரு டூர்னமென்ட் இருந்தது. அதன் பின் எத்தனையோ பேரை ஆட்டக்காரர்களாக்கினீர்கள். ரயில்வேக்கும் போலீஸுக்கும் போய், மலைக்கு வரும்போதெல்லாம் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஆனால் அந்த ஆட்டத்துக்குப் பிறகு நீங்கள் பனியில் விசில் ஊதவில்லை. பனி இறங்கினால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்துவிடுவீர்கள். ஏன் என்று உங்களைக் கேட்கும் தைரியம் டீமில் யாருக்கும் இல்லை. நான் கேட்டேன். "வயசாச்சு, சளி புடிச்சுக்குது" என்றீர்கள்.

ரிடையராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இந்தக் கேத்தி வீட்டுக்கு வந்தோம். கேரட் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். பல் துலக்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் உங்கள் வலது பக்கம் விழுந்தது. பேச்சும் அதோடு போனது. ஊட்டி ஆஸ்பத்திரியில், "புத்தியெல்லாம் தெளிவா இருக்குதுங்கம்மா, வாய்தான் வராது" என்றார்கள். அது ஆறுதலா, தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை. நாலு மூலைக்கும் கேட்ட அந்தக் குரல் இருந்த இடத்தில், தொண்டைக்குள் எதுவோ உருண்டு மாட்டிக்கொண்டதுபோல் ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. அதை நீங்களே கேட்கச் சகிக்காமல், தண்ணீர் வேண்டுமென்றால்கூட இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவீர்கள். பார்க்க வந்த போஜனிடம்கூட வாயைத் திறக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். அந்தப் பெரிய மனுஷன் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போனான்.

பிரகாஷுக்குச் சொன்னேன். மறுநாள் போன் செய்தான். "அப்பாகிட்டக் குடுங்க" என்பதை அவன் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது! ஓடி வந்து உங்கள் காதில் வைத்தேன். அவன் குரல் எனக்கும் கேட்டது. "அ... அ... அ..." மைதானத்து ஓரத்தில் விட்ட அதே சொல்லை அவன் மறுபடியும் எடுத்தான். உங்கள் உதடு துடித்தது. தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் புறப்பட்டு வந்தது. உடனே இடது கையை வீசிப் போனைத் தள்ளினீர்கள். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. நான் குனிந்து எடுத்து, "அப்பாவுக்கு முடியலைப்பா" என்றேன். "ச... சரிம்மா" என்று வைத்துவிட்டான்.

"ஏனுங்க, இன்னுமா அவன்மேல கோவம்?" என்று உங்களைக் கேட்டேன். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

பிறகு அவன் உங்களிடம் பேசக் கேட்கவில்லை. ஒவ்வொரு வாரமும் என்னைக் கூப்பிட்டு மருந்து, டாக்டர், நர்ஸ் என்று விசாரிப்பான். "ஒரு நடை வந்துட்டுப் போடா" என்று நான் சொன்னால், "பாக்கலாம்மா" என்பான். நீங்கள் போன சேதி கேட்டுத்தான் வந்தான். தலை நரைத்த மனிதனாக வந்து, கொள்ளி வைத்து, காரியம் முடித்து, மைதானத்தின் பக்கம்கூடப் பார்க்காமல் இறங்கிப் போனான்.

நேற்று ஞாயிறு. வழக்கம்போல் கூப்பிட்டான். "அப்பாவோட பூட்ஸ் பூசணம் புடிச்சுப்போச்சு. தூக்கிப் போட்டுரட்டுமா?" என்று கேட்டேன். "எ... எனக்கு அனுப்புங்கம்மா" என்றான். எங்கிருந்து எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "சாகக் கிடந்தப்பக்கூட உன் போனைத் தள்ளி விட்ட மனுஷனோட பூட்ஸ் உனக்கு எதுக்குடா?" என்று கத்திவிட்டேன்.

அவன் தடுக்கித் தடுக்கிச் சொன்னதை நான் சேர்த்து எழுதுகிறேன். சின்ன வயதில் அவன் வாயில் சொல் நின்றால் நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன். நேற்று எடுத்துக் கொடுக்கவில்லை. என்ன சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியவில்லை.

"அதக் கோவம்னா நெனச்சீங்க? அம்மா, ஆபீஸ்ல என் மேசைல போன் அடிச்சா இன்னிக்கும் பக்கத்து சீட்டுக்குத் தள்ளி விட்டுருவேன். முப்பது வருசமா அப்படித்தான். வாய் வராதப்ப அந்தப் பக்கம் இருக்கறவங்க நம்ம சத்தத்தக் கேட்டுரக் கூடாதும்மா. அவரு தொண்டைல வந்துச்சு பாருங்க ஒரு சத்தம், நான் கேட்டேன். அது என்னன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது."

நான் கேட்டேன். "தெரிஞ்சுமா நீ வரலை?"

"அதனாலதாம்மா வரலை. போன்லயே கேக்கக் கூடாதுன்னு நெனச்சவரு, நான் நேர்ல வந்து நின்னா என்ன பண்ணுவாரு? எங்கிட்டப் போயி அவரு திக்கணுமா? நான் அவருக்குச் செஞ்ச மரியாதை அது ஒண்ணுதான். உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

எனக்குப் புரியவில்லை. மெடல் வாங்கிய நாக்கு என்னுடையது. சொல் வராமல் நிற்பது என்றால் என்ன என்று ஒரு நாள்கூட அறியாமல், அறிந்த இரண்டு பேருக்கு நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அவன் அதைச் சொல்லிவிட்டு ரொம்ப நாள் பாரத்தை இறக்கியவன்போல் மூச்சு விட்டான். "அவரு போறப்ப நிம்மதியாத்தானம்மா போனாரு?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை மட்டும் திக்காமல் கேட்டான்.

இப்போது கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வந்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாதது. அந்தப் போன் வந்துபோன மறுநாளிலிருந்து, கட்டிலைத் திருப்பிப் போடச் சொல்லி நீங்கள் சட்டத்தைத் தட்டித் தட்டி என்னை ஓயவிடவில்லை. தலைமாடு சுவரோரம் போய், வாசற்கதவு கண்ணுக்கு நேரே வந்த பிறகுதான் அமைதியானீர்கள். சாயங்காலம் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் பஸ் கீழே வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் உங்கள் கண் கதவுக்குப் போகும். வளைவில் இறங்குகிறவர் படியேறி வீட்டுக்கு வர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரமும் கதவையே பார்ப்பீர்கள். பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். கடைசி நாள்வரை ஒரு நாளும் தவறவில்லை. காற்று வாங்கப் பார்க்கிறீர்கள் என்றுதான் நர்ஸ் பெண்ணிடம் சொல்லி வைத்தேன். போனைத் தள்ளியவர் அவனுக்காகக் கதவைப் பார்ப்பார் என்று எனக்கு எப்படித் தோன்றும்? நேற்று அவன் பேசி முடித்தபோதுதான் தோன்றியது. உங்கள் சத்தத்தை அவன் கேட்கக் கூடாது. ஆனால் அவன் வந்து நிற்க வேண்டும். நீங்கள் அவனைப் பார்த்தால் போதும்.

வராமல் இருந்தால்தான் உங்களுக்கு மரியாதை என்று அவன் ஓசூரில் உட்கார்ந்திருந்தான். உங்களைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான். புரிந்துகொண்டதால்தான் வரவில்லை.

"சொல்லுங்கம்மா" என்றான்.

ஒரு கமா தவறினாலும் சிவப்பு மையால் திருத்தியவள் நான். உங்கள் இரங்கல் கூட்டத்திலேயே எழுந்து நின்று திருத்தியவள்.

"நிம்மதியாத்தான் போனாருப்பா" என்றேன்.